உள்ளே யார், வெளியே யார்?
மதில் சூழ்ந்த ஃபமகுஸ்தாவின் எழுநூறு ஆண்டுக் கதை

1372ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். சைப்ரஸ் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஃபமகுஸ்தா துறைமுகத்தில் இளம் அரசன் இரண்டாம் பீட்டருக்கு முடிசூட்டு விழா. பேராலயத்தில் சடங்கு முடிந்து அரசன் குதிரையேறினான். அந்தக் குதிரையின் வலப்பக்கக் கடிவாளத்தைப் பிடித்து நடப்பது யார் என்பதில் ஜெனோவா வணிகர்களுக்கும் வெனிஸ் வணிகர்களுக்கும் தகராறு வந்தது. முதல் மரியாதைச் சண்டைதான். ஆனால் விருந்து மண்டபத்தில் அது கைகலப்பாகி, வாளுருவும் அளவுக்கு முற்றி, ஜெனோவாக்காரர்களின் கிடங்குகளை ஊரார் சூறையாடுவதில் போய் முடிந்தது. மறு வருடமே ஜெனோவா தன் கப்பற்படையை அனுப்பி ஃபமகுஸ்தாவைப் பிடித்துக்கொண்டது. 1464 வரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு கடிவாளத்துக்காக இத்தனையா என்று தோன்றும். அந்தக் காலத்து ஃபமகுஸ்தாவில் புழங்கிய பணத்தைத் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது.

ஊர் பெரிதான கதை, வேறோர் ஊர் அழிந்த கதை. 1191இல் இங்கிலாந்து அரசர் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட், சிலுவைப் போருக்குப் போகிற வழியில் சைப்ரஸைப் பிடித்தார். பிடித்த கையோடு அதை விற்றும் விட்டார். 1192இல் தீவு லூசிஞ்ஞன் என்ற பிரெஞ்சுக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அப்போது ஃபமகுஸ்தா சொல்லிக்கொள்ளும்படியான ஊரல்ல. வடக்கே சில கிலோமீட்டர் தள்ளியிருந்த சலமிஸ் என்ற பழம்பெரும் நகரம் கைவிடப்பட்ட பிறகு மெல்ல வளர்ந்த கரையோரக் குடியிருப்பு, அவ்வளவே. 1291இல் பாலஸ்தீனக் கரையில் சிலுவைப் போராளிகளின் கடைசிப் பெருங்கோட்டையான அக்ரே, எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் வீழ்ந்தது. அங்கிருந்து கப்பலேறிய வணிகர்களும் குருமார்களும் பிரபுக்களும் ஃபமகுஸ்தாவில் வந்து இறங்கினார்கள். கூடவே, முஸ்லிம் துறைமுகங்களோடு நேரடியாக வியாபாரம் செய்யக் கூடாது என்று போப்பாண்டவர் தடை போட்டார். தடை இருந்தால் தரகும் இருக்கும். சிரியக் கிறிஸ்தவர்கள் சரக்கை எதிர்க்கரையிலிருந்து ஃபமகுஸ்தாவுக்குக் கொண்டுவருவார்கள். ஐரோப்பியர்கள் இங்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். பாவமும் ஒட்டாது, லாபமும் குறையாது.

பெகலோத்தி என்றொருவர் ஃபுளோரன்ஸ் நகரத்து பார்தி வங்கியின் ஆளாக 1320களில் சைப்ரஸில் இருந்தவர். வணிகர்களுக்காக அவர் எழுதிவைத்த கையேட்டில் எந்த ஊரில் என்ன எடை, என்ன அளவு, என்ன வரி என்றெல்லாம் விவரம் இருக்கிறது. மிளகும் இஞ்சியும் அதில் நிறைய வருகின்றன. கொல்லத்து இஞ்சியை ஊர்ப்பேர் சொல்லித் தனி ரகமாகவே பிரித்துவைத்திருக்கிறார். அடுத்த பத்தாண்டில் வந்த லூதோல்ஃப் என்ற ஜெர்மன் பாதிரியார், இந்த ஊர் வணிகர் ஒருவர் தன் மகளின் நிச்சயத்துக்குப் பூட்டிய தலைநகைகள் பிரான்ஸ் அரசியின் நகைகள் அத்தனையையும்விட விலை கூடியவை என்று வாய்பிளந்து எழுதினார். பயணிகள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதிக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. சைமன் நோஸ்திரானோ என்ற வணிகர், சிரியாவுக்குப் போய்வந்த ஒரே வியாபாரத்தின் லாபத்தில் ஒரு பங்கை எடுத்துப் புனித பேதுரு–பவுல் ஆலயத்தைக் கட்டினார் என்பது சைப்ரஸ் வரலாற்றாசிரியர் மகேராஸ் தரும் தகவல். முரட்டுத் தாங்குசுவர்களோடு அது இன்றும் நிற்கிறது.

முந்நூற்று அறுபத்தைந்து ஆலயங்கள், நாளுக்கொன்று என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஆனால் மதிலுக்குள் இருக்கும் இந்தச் சின்ன இடத்தில் லத்தீன் கிறிஸ்தவர்கள், கிரேக்கர்கள், ஆர்மீனியர்கள், நெஸ்தோரியர்கள், கார்மேல் சபையினர், பிரான்சிஸ் சபையினர், டெம்ப்ளர் வீரத்துறவிகள், ஹாஸ்பிடலர் வீரத்துறவிகள் என்று ஆளுக்கொரு கோயில் கட்டிக்கொண்டது உண்மை. டெம்ப்ளர்களின் கோயிலும் ஹாஸ்பிடலர்களின் கோயிலும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. உயிரோடிருந்த காலத்தில் இந்த இரு சபைகளும் இவ்வளவு நெருக்கம் காட்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே உயர்ந்து நிற்பது புனித நிக்கோலஸ் பேராலயம். 1300ஐ ஒட்டித் தொடங்கிய வேலை. பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தோடு ஒப்பிடாமல் இதைப் பற்றி யாரும் எழுதியதில்லை. மூன்று வாயில்கள், மேலே சக்கர வடிவச் சாளரம், இரட்டைக் கோபுரம், எல்லாமே வட பிரான்சின் கோதிக் பாணி. தேன்நிற மணற்கல்லும் மத்தியதரைக் கடல் வெயிலும் மட்டும்தான் உள்ளூர்ச் சரக்கு. லூசிஞ்ஞன் அரசர்கள் இரண்டு முறை முடிசூடுவார்கள்: சைப்ரஸின் அரசராகத் தலைநகர் நிகோசியாவில் ஒரு முறை, ஜெருசலேமின் அரசராக இங்கே இன்னொரு முறை. ஜெருசலேம் அவர்கள் கையைவிட்டுப் போய் வெகுகாலமாகியிருந்தது. ஆனாலும் கிரீடத்தை விடவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டுக்கு இந்தக் கரையில் நின்று முடிசூடுவதில் ஒரு சாமர்த்தியம் இருக்கத்தான் செய்கிறது.

பேராலயத்தின் முன்னே ஓர் அத்தி மரம். காட்டத்தி இனம். பேராலயத்துக்குக் கடைக்கால் போட்ட நாட்களில் நட்டது, தீவிலேயே மூத்த மரம் என்று சொல்கிறார்கள். இன்றும் அதனடியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

ஜெனோவாவின் பிடியில் ஊர் சோர்ந்துபோனது. அதற்கு முன்பே போப்பின் தடை தளர்ந்து, கப்பல்கள் நேரே எகிப்துக்கும் சிரியாவுக்கும் போகத் தொடங்கியிருந்தன. இடையில் கொள்ளைநோய் வேறு. 1489இல் வெனிஸ், கடைசி அரசியான கத்தரீனா கொர்னாரோவைப் பதவி விலகவைத்துத் தீவையே எடுத்துக்கொண்டது. அரசி வெனிஸில் பிறந்தவர்; கணவனும் இறந்து, கைக்குழந்தையும் இறந்து தனித்து நின்றவர். இத்தாலியில் அசோலோ என்ற சின்ன ஊரைக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினார்கள்.

வெனிஸுக்கு ஃபமகுஸ்தாவில் வேண்டியிருந்தது சந்தையல்ல, அரண். பீரங்கிக் காலம் பிறந்துவிட்டது. உயரமாய், ஒல்லியாய் நின்ற பழைய மதில்களை அடித்துத் தாழ்த்தி, தடிமனாக்கி, குண்டு பட்டால் தாங்குமாறு மாற்றிக் கட்டினார்கள். சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் சுற்றளவு. சில இடங்களில் எட்டு மீட்டர் தடிமன். நிலத்தின் பக்கம் பாறையைக் குடைந்து அகழி. வடமேற்கு மூலையில் அம்பு முனை வடிவத்தில் மார்ட்டினெங்கோ கொத்தளம். கோட்டைக் கலையில் பேர்போன சான்மிக்கேலி குடும்பத்தின் இளையவர் ஜொவான்னி ஜிரோலமோ இங்கே வேலைபார்த்து, 1559இல் இந்த ஊரிலேயே இறந்தார். துறைமுகத்தைக் காத்த பழைய கோட்டையை 1492இல் புதுப்பித்து, வாசலுக்கு மேல் புனித மாற்குவின் சிறகுள்ள சிங்கத்தைப் பதித்தார்கள். சைப்ரஸின் ஒரு துறைமுகம் என்று மட்டுமே ஷேக்ஸ்பியர் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் இடம் குறித்தார். பிரிட்டிஷ்காரர்கள் வந்த பிறகு இந்தக் கோட்டைக்கு ஒதெல்லோ கோபுரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சுற்றுலாவுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

இனி 1571. இந்த ஊரின் கதையில் இதை விரைந்து கடக்க முடியாது.

1570 ஜூலையில் ஒட்டோமான் துருக்கியரின் படை லாலா முஸ்தபா பாஷாவின் தலைமையில் தீவில் இறங்கியது. செப்டம்பர் 9 அன்று நிகோசியா வீழ்ந்தது. அங்கிருந்த வெனிஸ் ஆளுநர் தந்தோலோவின் தலையை வெட்டி ஃபமகுஸ்தாவுக்கு அனுப்பினார்கள், சரணடையச் சொல்லும் ஓலையாக. ஃபமகுஸ்தாவின் தலைவர் மார்க்கந்தோனியோ பிரகதினும் படைத்தளபதி அஸ்தோரே பாக்லியோனியும் மறுத்தார்கள். குளிர்காலத்தில் மார்க்கோ குவெரினி என்ற கப்பல் தலைவர் முற்றுகையை உடைத்துக்கொண்டு ஆளும் உணவும் கொண்டுவந்து சேர்த்தார். அதற்குப் பிறகு உதவி வரவேயில்லை.

கோடையில் ஒட்டோமான் படை, குதிரைவீரன் ஏறிப்போனாலும் ஈட்டிமுனை மட்டுமே வெளியே தெரியும் அளவுக்கு ஆழமான பதுங்குகுழிகளை வெட்டி மதிலை நெருங்கியது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தது. ஜூலையில் நிலவாயிலின் முன்கோட்டைக்குள் எதிரிகள் ஏறியபோது, உள்ளே இருந்தவர்களே தாங்கள் புதைத்து வைத்திருந்த வெடியைப் பற்றவைத்தார்கள். எதிரிகளோடு தங்கள் ஆட்களும் நூறு பேர் போனார்கள். குதிரையும் கழுதையும் பூனையும் தின்று தீர்ந்த பிறகு, ஆகஸ்ட் முதல் தேதி வெள்ளைக்கொடி ஏறியது.

உடன்படிக்கை நியாயமானது. வீரர்கள் கிரீட் தீவுக்குக் கப்பலேறலாம், ஊரார் தங்கலாம். சில நாட்கள் கழித்துச் சாவியை ஒப்படைக்க பிரகதின் பாஷாவின் கூடாரத்துக்குப் போனார். அங்கே பேச்சு தடித்தது. முற்றுகையின்போது முஸ்லிம் கைதிகளைக் கொன்றாயா என்று பாஷா கேட்டார். கப்பல்கள் திரும்பி வரும் என்பதற்குப் பிணையாள் கேட்டார். பாக்லியோனியும் மற்றவர்களும் அங்கேயே தலை இழந்தார்கள். பிரகதினின் காதுகளையும் மூக்கையும் அறுத்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று, ஊர்ச் சதுக்கத்தில் அவரை உயிரோடு தோலுரித்தார்கள். தோலில் வைக்கோல் அடைத்து, மாட்டின் மேல் ஏற்றி ஊர்வலம் விட்டு, கான்ஸ்தான்திநோபிளுக்கு அனுப்பினார்கள். 1580இல் அங்கிருந்து யாரோ அதைத் திருடி வெனிஸுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே புனித ஜான்–பவுல் ஆலயத்தில் ஒரு தாழியில் இருக்கிறது. 1961இல் திறந்து பார்த்தபோது உள்ளே பதப்படுத்திய மனிதத் தோல் துண்டுகள் இருந்தன.

வெனிஸ்காரர்கள் எழுதியதில் பாஷா அரக்கன், பிரகதின் தியாகி. கொல்லப்பட்ட கைதிகளைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. துருக்கியர் தரப்பின் வீரர் ஜான்புலாத் பே. மதில் வாசலில் வெனிஸ்காரர்கள் பூட்டிய கத்திச் சக்கரத்துக்குள் குதிரையோடு பாய்ந்து அதை நிறுத்தி உயிர்விட்டார் என்பது கதை. அவர் கல்லறை தென்கிழக்குக் கொத்தளத்துக்குள் இருக்கிறது.

வெற்றி பெற்றவர்கள் முதலில் செய்தது, கிறிஸ்தவர்கள் யாரும் மதிலுக்குள் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கிரேக்கர்கள் தெற்கே வெளியேறி, மணற்பாங்கான தோட்ட நிலத்தில் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்பே வரோஷா. பேராலயத்தின் சிலைகளை நீக்கி, வெள்ளையடித்து, ஒரு கோபுரத்தின் மேல் மினார் எழுப்பினார்கள். 1954இலிருந்து அதன் பெயர் லாலா முஸ்தபா பாஷா பள்ளிவாசல். நோஸ்திரானோ கட்டிய ஆலயமும் பள்ளிவாசலானது. பின்னாளில் தானியக் கிடங்காகி, கோதுமைப் பள்ளிவாசல் என்றே பேர் வாங்கியது. மாற்றியதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. தொழுகை நடந்த கட்டடங்களுக்குக் கூரை இருக்கிறது. யாருக்கும் வேண்டாதவை எலும்புக்கூடாய் நிற்கின்றன. கிரேக்கர்களின் புனித ஜார்ஜ் பேராலயம் பாதிச் சுவரோடு, 1571இன் குண்டுகள் துளைத்த தழும்புகளைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

மூன்று நூற்றாண்டு ஊர் தூங்கியது. ஒட்டோமான் அரசுக்கு வேண்டாதவர்களை அனுப்பிவைக்கும் இடமாயிற்று. ஈரானில் பிறந்த பாபி சமய இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான சுபஹி அஸல் 1868இல் இங்கே வந்தார், 1912இல் இங்கேயே இறந்தார். தேசப்பற்று நாடகம் எழுதி இஸ்தான்புல் மேடையைக் கொந்தளிக்கவைத்த கவிஞர் நாமிக் கெமால் 1873 முதல் 1876 வரை இங்கே கைதியாக இருந்தார். அவர் அடைபட்டிருந்த அறை, வெனிஸ் ஆளுநர் மாளிகையின் இடிபாட்டை ஒட்டியிருக்கிறது. அந்த மாளிகை முகப்பின் நான்கு கருங்கல் தூண்கள் சலமிஸிலிருந்து பெயர்த்து வந்தவை. அதே வழக்கப்படி, ஃபமகுஸ்தாவின் கல்லும் சூயஸ் கால்வாய் வேலைக்காகப் போர்ட் சையதுக்குக் கப்பலேறியதாகச் சொல்வார்கள்.

1878இல் பிரிட்டிஷார் வந்தார்கள், 1905இல் நிகோசியாவுக்கு ரயில் ஓடியது, துறைமுகம் விழித்தது. 1946 முதல் 1949 வரை பாலஸ்தீனத்துக்குப் போக முயன்ற யூத அகதிகளைப் பிரிட்டிஷார் பிடித்துவைத்த முகாம்களில் ஒன்று மதிலுக்கு வெளியே கரவோலோஸில் இருந்தது. சைப்ரஸ் முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள்.

பிரிட்டிஷாரிடமிருந்து சைப்ரஸ் சுதந்திரம் பெற்ற பிறகு உள்ளும் வெளியும் பொருள் மாறின. துரத்தப்பட்டவர்களின் வரோஷா, கடற்கரை ஓட்டல்களால் பணக்கார ஊரானது. எலிசபெத் டெய்லர் வந்து தங்கினார். மதிலுக்குள் இருந்த துருக்கியர்கள் ஏழைகளானார்கள். கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் இடையே 1963இல் மூண்ட கலவரத்துக்குப் பின் அது அவர்களுக்கு முற்றுகையிடப்பட்ட ஒதுக்கிடமே ஆனது. 1974 கோடையில் துருக்கி தீவின் மேல் படையெடுத்தபோது சுற்றுப்புறத் துருக்கியர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பழைய வெனிஸ் மதிலுக்குள் தஞ்சம் புகுந்து, கொத்தளங்களின் அடியில் வாரக்கணக்கில் கிடந்தார்கள். ஆகஸ்ட் மத்தியில் துருக்கி ராணுவம் வந்து சேர்ந்தது. வரோஷாவின் கிரேக்கர்கள் சாப்பாட்டு மேசையைக்கூட எடுத்துவைக்காமல் ஓடினார்கள். ராணுவம் முள்வேலி போட்டது. நானூறு ஆண்டில் இரண்டாம் முறை அதே மக்கள் வெளியே.

உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஃபமகுஸ்தா இல்லை. பெயரைப் பரிந்துரைக்க ஓர் அரசு வேண்டும். உலகம் ஏற்ற சைப்ரஸ் அரசின் கை இங்கே எட்டாது, இங்கே ஆளும் வடசைப்ரஸ் அரசைத் துருக்கி தவிர யாரும் ஏற்கவில்லை. இரு சமூகத்தவரும் சேர்ந்த பாரம்பரியக் குழு ஒன்று ஐநாவின் துணையோடு இந்த முட்டுக்கட்டையைச் சுற்றிக்கொண்டு போனது. ஒதெல்லோ கோபுரத்தைச் செப்பனிட்டு 2015இல் திறந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு இன்னொன்று நடந்தது. மதிலுக்குள் புனித ஜார்ஜ் எக்ஸோரினோஸ் என்ற நெஸ்தோரியர் கோயில் உண்டு. அதன் தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து எதிரியின் வீட்டில் போட்டால் அவன் ஊரைவிட்டே போய்விடுவான் என்று பழைய நம்பிக்கை. 2014 பெரிய வெள்ளியன்று, வெளியேறிய கிரேக்கர்கள் ஆயிரக்கணக்கில் வந்து அந்தக் கோயிலில்தான் வழிபாடு நடத்தினார்கள். 1950களுக்குப் பிறகு மதிலுக்குள் நடந்த முதல் பெரிய வெள்ளி வழிபாடு அது.

2020 அக்டோபரில் வரோஷாவின் ஒரு பகுதியைப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். தெருவில் நடக்கலாம், வீடுகளுக்குள் போக முடியாது. ஐநா பாதுகாப்புச் சபையின் 1984ஆம் ஆண்டுத் தீர்மானம் ஊரின் குடிகளைத் தவிர வேறு யாரையும் அங்கே குடியேற்றக் கூடாது என்கிறது. பத்திரம் வைத்திருப்பவர்கள் லிமாசொலிலும் நிகோசியாவிலும் இருக்கிறார்கள். துருக்கிய சைப்ரஸ் வக்பு வாரியமோ அந்த நிலம் தங்கள் அறக்கட்டளைகளுக்குச் சொந்தம் என்று வழக்காடுகிறது. அந்த அறக்கட்டளைகளில் ஒன்றின் பெயர் லாலா முஸ்தபா பாஷா.