ஃபீஸ் இல்லாத கியூபெக் கல்லூரி: செலவு எங்க இருக்கு?

கனடாவுல கியூபெக் மாகாணத்துக்கு பி.ஆர். வாங்கிப் போறீங்களா? 1967-ல ஆரம்பிச்ச அரசுக் கல்லூரிகளுக்கு அங்க 'செஜெப்'னு பேரு. ரிமுஸ்கி மாதிரி சின்ன ஊர்லயும் இருக்கு, பாடம் பிரெஞ்சுல.

கியூபெக்வாசின்னு தகுதி கிடைச்சவங்க முழுநேரமா படிச்சா ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. பதிவு மாதிரி சில்லறைக் கட்டணங்கள் மட்டும்தான்.

அப்போ பெரிய செலவு எது? உங்க சம்பளம். டெக்னிக்கல் டிப்ளமோ 3 வருஷம். அதுவரை ஃபுல் டைம் வேலை கஷ்டம். மாகாண அரசோட பிரெஞ்சு எழுத்துத் தேர்வுல பாஸ் ஆகலைன்னா டிப்ளமோவும் வராது.

அதனால புதுசா வர்றவங்களுக்கு அரசு நடத்துற இலவச பிரெஞ்சு வகுப்பை முதல்ல முடிங்க. அந்த நேரத்துலயே வீட்டுச் செலவுக்குத் தனியா சேமிங்க. அப்புறம் அப்ளை பண்ணுங்க.