ஊவா மலைகளின் பிறப்பு

நமுனுகுலையின் நிழலில் வாழும் நாம், மலையை அசையாமைக்கு உவமை கூறிப் பழகியவர்கள். ஆயினும், நிலநூலார் காட்டும் வரலாற்றை நோக்குமிடத்து, ஊவா மலைகள் ஆழ்ந்தும் எழுந்தும் பெரும்பயணம் செய்தவை என்பது புலனாகும். பதுளைப் புகையிரதப் பாதைக்காக வெட்டப்பட்ட பாறைச் சுவர்களில் வெண்மையும் கருமையுமாக ஓடும் பட்டைகளே அவ்வரலாற்றின் ஏடுகள்.

ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன், இப்பாறைகளுட் பல நீரடியிற் படிந்த மணலும் சேறும் சுண்ணாம்புமாக இருந்தன. பூமியின் மேலோடு பல தகடுகளாலானது. அவை மெல்ல நகர்வன. இரு கண்டங்களுக்கு இடைப்பட்ட கடலின் தரை ஒரு கண்டத்தின் அடியிற் புகுந்து மறைய, கடல் ஒடுங்கும். ஈற்றிற் கண்டங்கள் மோதும். கண்டப்பாறை கனங் குறைந்ததாதலின், கடற்றரைபோல் அமிழ்ந்தொழியாது மடிந்தும் ஒன்றன்மேலொன்று ஏறியும் தடிக்கும்.

ஆபிரிக்கா, இந்தியா, அந்தாட்டிக்கா முதலியன கொண்டுவானா என்னும் பெருநிலமாக இணைந்த காலத்தில், ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் பாறைகளுக்கு நேர்ந்தது இதுவே. 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 800 பாகை செல்சியசைக் கடந்த வெப்பத்தில், மணல் குவாட்சைற்றாகவும் சுண்ணாம்பு பளிங்குக்கல்லாகவும் சேறு செந்நிறக் கார்னெற் மணிகள் பதிந்த பட்டைப்பாறையாகவும் உருமாறின.

இம்மோதலுக்குச் சான்று வேண்டுவோர் கதிர்காமத்தை நோக்குக. மலைநாட்டுப் பாறைத்தொகுதி, கிழக்கிலுள்ள விஜயன் தொகுதியின்மேல் ஏறிக் கிடக்கிறது. கதிர்காம மலைகள் தாழ்நிலத்தின் நடுவே தனித்து நிற்பினும், அவற்றின் பாறை மலைநாட்டினதே. இடையிலிருந்தவை தேய்ந்தழிய, எஞ்சிய துண்டு அது.

இமயத்தின் மோதல் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்றும் தொடர்கிறது. நம் மலைகளை எழுப்பிய மோதலோ என்றோ முடிந்தது. அன்றைய சிகரங்கள் மழையாற் கரைந்தன. பின்னர் நிலம் உயர்ந்தமையால், அவற்றின் வேர்களே இன்று மலைகளாக நம்முன் நிற்கின்றன.

கரைதல் இன்னும் ஓயவில்லை. சிதைந்த பாறை மண்ணும் உருள்கற்களுமாகச் செங்குத்துச் சரிவுகளின் அடியிற் குவிகிறது. பெருமழை நீர் உள்ளிறங்கினால், அக்குவியல் கனத்து, பிடிப்பிழந்து வழுக்கும். பாறைப் படைகள் மலைச்சரிவின் திசையிலேயே சாய்ந்திருப்பின் ஆபத்து மிகும். 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடிய துயரை நாம் மறத்தலாகாது. அவ்விடம் அபாயமுடையதென முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தும், மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். மாற்றிடமின்றி வெறும் எச்சரிக்கை உயிர் காவாது.

கலையாராய்ச்சியாற் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி, முன்னர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக இந்நாட்டுப் பாறைகளை ஆராய்ந்தவர். அவ்வழியில் நம் மாணவர் சிலரேனும் நிலநூல் கற்பாராக. எச்சரிவில் வீடு அமைக்கலாம், எதில் ஆகாது என்பதை நம் தோட்டத்து மக்களுக்கு அவர்களின் மொழியிலேயே எடுத்துரைக்க வல்லார் நம்மிடையே தோன்றல் வேண்டும்.