பழைய காரின் பிராணவாயு உணர்வி

பெங்களூரில் வாழும் தமிழ் மக்கள் பலர், பொங்கல் வந்தால் குடும்பத்துடன் காரேறி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊருக்குப் புறப்படுகின்றனர். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள நகரை விட்டு இறங்க இறங்க, காற்றின் அடர்த்தி மிகுகின்றது. அம்மாறுதலுக்கு ஏற்ப எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்தூட்ட உதவும் கருவிகளுள் ஒன்று, பிராணவாயு உணர்வி. பட்டறைகளில் இதனை ஆக்ஸிஜன் சென்சார் என்பர். இதனை வீட்டிலேயே மாற்ற இயலுமா என்பதை இங்கு ஆராய்வோம்.

ஒரு கிலோ பெட்ரோல் முறையாக எரிய, சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். புகைக்குழாயில் பொருத்தப்பட்ட உணர்வியின் முனை, சிர்கோனியா என்னும் பீங்கான் வகையால் ஆனது. சூடேறியதும், வெளிக்காற்றிலும் புகையிலும் உள்ள பிராணவாயுவின் வேறுபாட்டை அது மின்னழுத்தமாக்குகிறது. பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட்டும், குறைந்தால் சுமார் 0.1 வோல்ட்டும் தோன்றும். இச்செய்தியைக் கொண்டே காரின் கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் அளிக்கிறது. 1976-ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனம் இதனை வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தியது. அந்நிறுவனத்தின் இந்தியக் கிளையையே பெங்களூர் மக்கள் நெடுங்காலம் 'மைக்கோ' என்று அழைத்து வந்தனர்.

உணர்வி பழுதுற்றால் பெட்ரோல் செலவு ஏறும். புகைப் பரிசோதனையில் கார் தேறாமற் போகலாம். எரியாத பெட்ரோல், புகையைத் தூய்மை செய்யும் காடலிடிக் கன்வர்ட்டரையும் கெடுத்துவிடும். அதன் விலையோ உணர்வியின் விலையைப் போல் பன்மடங்கு. ஆதலின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வாளாவிருத்தல் தகாது. ஆயினும், விளக்கு எரிந்ததனாலேயே உணர்வி கெட்டது என்று துணிதலும் தவறு. புகைக்குழாயில் கசிவு, அறுந்த கம்பி, எரிந்த ஃபியூஸ் ஆகியவையும் அவ்விளக்கை எரியச் செய்யும். ஸ்கேனர் கருவியில் பிழை எண்ணைப் படித்து, இவற்றைச் சோதித்த பின்னரே புதியது வாங்க வேண்டும். ஜே.சி. ரோட்டுக் கடைகளுக்குச் செல்வோர், பழைய உணர்வியின் பாக எண்ணைக் குறித்துச் செல்லுதல் நலம். கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரு உணர்விகளுள் மாற்ற வேண்டியது எது என்பதும் தெளிவாதல் வேண்டும்.

மாற்றும் முறை கடினமன்று. முதல்நாள் இரவே, குளிர்ந்த மரையில் துருநீக்கும் எண்ணெய் இடுக. மறுநாள் பாட்டரியின் எதிர்முனையையும் உணர்வியின் கம்பி இணைப்பையும் கழற்றுக. பெரும்பாலானவற்றிற்கு 22 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தும். கம்பி நுழையப் பிளவுடைய சாக்கெட் இருப்பின் இன்னும் எளிது. புதியதன் முனையைத் தொடலாகாது. மரைப்பசையோ எண்ணெயோ அதில் படலாகாது. முதலில் கையால் திருகி, பின்னர்க் கையேடு கூறும் அளவிற்கே இறுக்குக. கம்பி, சூடான குழாயில் படாதவாறு பழைய வழியே செல்லட்டும். பிழை எண்ணை நீக்கிச் சிறிது தொலைவு ஓட்டிய பின், விளக்கு மீண்டும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரு எச்சரிக்கைகள் உண்டு. காருக்கு அடியில் புகுவதாயின், ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். அடுக்ககங்களின் நிலவறைகளில் எஞ்சினை ஓட விட்டுச் சோதித்தலும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. ஆனால் உயிரைப் பறிக்கும். துருவேறிய உணர்வி அசைய மறுத்தால், மரையைக் கெடுத்துக் கொள்வதைவிடப் பட்டறையை நாடுவதே அறிவுடைமை.

ஊருக்குப் புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்னரே இப்பணியை முடித்தால், பழுது ஏதேனும் எஞ்சியிருப்பினும் பெங்களூரிலேயே அது தெரிந்துவிடும். இல்லையேல், குழந்தைகளும் முதியோரும் உள்ளிருக்க, நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றே அதனைக் கண்டறிய நேரும்.