ஏழு ஆண்டுகள், 0.08 விநாடி

ஜனவரியில் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள், பிப்ரவரியில் மேல்நிலைத் தேர்வு முடிவுகள், அதன் பிறகு பல்கலைக்கழகங்களின் பதில்கள். ஆண்டின் முதல் பாதியில் நம்மில் பலர் ஏமாற்றத்தைச் சந்திக்கிறோம். அப்போதெல்லாம் நமக்குச் சொல்லப்படுவது, ‘தோல்வியே வெற்றிக்கு முதல் படி’. சொல்பவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால், முதல் படிக்கும் வெற்றிக்கும் இடையே இன்னும் எத்தனை படிகள், அவற்றில் எப்படி நிற்பது என்பதை அந்த வாசகம் சொல்வதில்லை.

அந்த நடுப்படிகளை அறிந்தவர் நம் ஓட்ட வீராங்கனை சாந்தி பெரேரா.

2015ல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் ஓட்டத்தை 23.60 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 18. அதே போட்டியில் 1973ல் குளோரி பர்னபாஸ் வென்றதற்கு 42 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. பிறகு 2023ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில், திடல்தடப் போட்டிகளில் 49 ஆண்டுகளாகச் சிங்கப்பூருக்குக் கிட்டாத தங்கத்தையும் வென்று தந்தார்.

இந்த இரண்டு வெற்றிகளையும் நாம் அடுத்தடுத்துச் சொல்லிவிடுகிறோம். இடையில் இருந்தவை எட்டு ஆண்டுகள். 2017, 2019 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் அவருக்குத் தங்கம் இல்லை. காயங்கள் வந்தன. விளையாட்டு உபகாரச் சம்பளமும் கைவிட்டுப் போனது. 2021ல் தோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2022 மே மாதம் ஹனோயில்தான் மீண்டும் தங்கம். நேரம் 23.52 விநாடி. ஏழு ஆண்டு உழைப்பில் குறைந்தது 0.08 விநாடி, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் அடுத்த ஆண்டே புடாபெஸ்ட் உலக வெற்றியாளர் போட்டியில் 22.57 விநாடியில் ஓடினார்.

முடிவு தெரிந்த நமக்கு இது உற்சாகமூட்டும் கதை. 2019ல் அவருக்கு 2023 தெரியாது. வெற்றி உறுதி என்றால்தான் ஓடுவேன் என்று அவர் இருந்திருந்தால் அன்றே நின்றிருப்பார்.

இங்கேதான் எதிர்பார்ப்பையும் நம்பிக்கையையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எதிர்பார்ப்புக்குத் தேதி உண்டு, மதிப்பெண் உண்டு. ‘இந்த ஆண்டு, இந்தப் படிப்பு’ என்பது எதிர்பார்ப்பு. அது உடையலாம், உடைந்தால் வலிக்கும். அழுகை வந்தால் அழலாம். உறவினர்கள் எல்லாருக்கும் அன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கை என்பது அடுத்த பயிற்சிக்குப் போவது மட்டுமே. அதற்குத் தேதி தேவையில்லை.

உழைத்தவர் எல்லாருக்கும் தங்கம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. சாந்தியுடன் ஓடியவர்களும் உழைத்தவர்கள்தாம். சில கதவுகள் மீண்டும் திறக்காமலே போகலாம். அப்போது, அந்தப் படிப்பை ஏன் விரும்பினோம் என்று நம்மையே கேட்டுப் பார்க்கலாம். நோயாளிகளுக்கு உதவ மருத்துவம் கேட்டவருக்குத் தாதிமையும் இயன்மருத்துவமும் அதே நோயாளிகளிடம்தான் கொண்டுசேர்க்கும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் போகும் பாதையும் இருக்கிறது. நீளம்தான், ஆனால் பலர் நடந்த பாதை.

தனியாகத் தாங்க முடியாத அளவுக்கு மனம் கனத்தால் நம்பகமான ஓர் ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசலாம். 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் உண்டு.

அடுத்தவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, போன மாதத்து நம்மோடு இந்த மாதத்து நம்மை ஒப்பிட்டுப் பார்ப்போம். வித்தியாசம் 0.08 அளவுதான் என்றாலும் அதைக் குறித்து வைப்போம்.