மதிய ஊசி எங்கே போகிறது?

சேலையூரிலிருந்து வரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சர்க்கரை நோட்டைப் போன வாரம் புரட்டினேன். ஒரு மாத மதிய அளவுகள் எல்லாம் 130, 140, 135. ஒரே நீல மை, ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் எழுதியது. குளுக்கோமீட்டரின் மெமரியில் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நடுவே ஒரு பதிவுகூட இல்லை. மாலைப் பதிவுகள் 340, 380. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "பாத்ரூம்லதான் டாக்டர் ஊசி போட்டுப்பேன். வெளிய கதவத் தட்டிட்டே இருப்பாங்க. அதான் விட்டுட்டேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கத்து டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளிடம் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். மே விடுமுறையில் கட்டுக்குள் இருந்த சர்க்கரை, பள்ளி திறந்த சில வாரங்களில் எகிறுகிறது. சாப்பாடு அதேதான், மருந்தும் அதேதான். மதிய ஊசி மட்டும் காணாமல் போயிருக்கும்.

தாமதமாக வருகிறார்கள்

நோய் இருப்பதே தெரியாமல் வரும் பிள்ளைகளின் கதை இன்னும் வேதனை. திரும்பப் படுக்கையை நனைக்க ஆரம்பித்த பையனுக்குப் பூச்சி மருந்து கொடுத்திருப்பார்கள். 'அடிக்கடி வகுப்பை விட்டு வெளியே போகிறான்' என்று டைரியில் புகார் வந்திருக்கும். உடம்பு இளைத்து, வயிறு வலித்து, வாந்தி வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மருந்து. மூச்சு வாங்கும்போது வீசிங் என்று நினைத்திருப்பார்கள். என்னிடம் வரும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி, பிள்ளை கண் திறக்காது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

கேட்டுக் கேட்டு அலுத்தவை

"சாக்லேட் நிறைய சாப்பிட்டான் டாக்டர்." இல்லை அம்மா. உடலின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது இது. உங்கள் வளர்ப்பில் குறையில்லை. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு ஒட்டவும் ஒட்டாது.

தாத்தாவின் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்களை என்ன சொல்வது? தாத்தாவுக்கு இருப்பது வேறு, பேரனுக்கு இருப்பது வேறு. பேரனின் உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய இல்லை. வெளியிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது பொடி. சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, ஆவாரம்பூ. ஒரு மண்டலம் சாப்பிட்டால் ஊசியே வேண்டாமாம். இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தெம்பு பெற்று, தேவைப்படும் அளவு நன்றாகக் குறையும். தேனிலவுக் காலம் என்றே அதற்குப் பெயர். அந்த நேரம் பார்த்து உறவினர் பொடி கொண்டுவருவார். பெயர் பொடிக்குப் போகும். ஊசியை நிறுத்துவார்கள். அடுத்து ஐ.சி.யு.வில்தான் பார்க்கிறேன்.

1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார்கள். அதற்கு முன் இந்தப் பிள்ளைகளைப் பட்டினிப் பத்தியத்தில் வைத்து, சாவைச் சில மாதம் தள்ளிப்போட மட்டுமே முடிந்தது. நூறாண்டுக்கு மேலாகக் கையில் இருக்கும் மருந்தைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள்.

வகுப்பில் சர்க்கரை இறங்கினால்

வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல், வெறித்த பார்வை, கையெழுத்து திடீரென்று கோணுவது. சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். மீட்டரைத் தேடி நேரம் கடத்த வேண்டாம். சுமார் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மயக்கமாக இருக்கிறது என்று சொல்லும் பிள்ளையைத் தனியாக மாடிப்படி இறக்கி அனுப்பாதீர்கள்.

விளையாட்டு வகுப்பிலிருந்து ஒதுக்கவும் வேண்டாம். முன்னால் ஒருமுறை பரிசோதித்து, தேவையானால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓடட்டும்.

இது சலுகை இல்லை

2017-இல் சி.பி.எஸ்.இ. தன் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் எடுத்துச்செல்ல அனுமதித்தது. 2023-இல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், மருத்துவர் சொன்னபடி வகுப்பிலும் தேர்விலும் பரிசோதிக்கவும், ஊசி போடவும், இடையில் சாப்பிடவும் விட வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. ஆனாலும் 'எங்களால் பொறுப்பேற்க முடியாது, வேறு பள்ளி பாருங்கள்' என்று கேட்டுவிட்டு வந்த பெற்றோர் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அதற்குப் பயந்தே சேர்க்கையின்போது நோயை மறைக்கிறார்கள் பலர். மறைத்த பிள்ளை மயங்கி விழுந்தால் யாருக்கு என்ன தெரியும்?

ஆசிரியர்களே, கெஞ்சிக் கேட்கிறேன்

ஊசியை நீங்கள் போட வேண்டாம். பெரும்பாலான பெரிய பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். மேசை டிராயரில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று வையுங்கள். அரசுப் பள்ளியில் காலை உணவு சாப்பிடும் பிள்ளையென்றால், எத்தனை மணிக்குப் பரிமாறுவீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். வீட்டில் ஊசி போட்டு அனுப்பிவிட்டு, உப்புமா தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் சிக்கும் வேன் ஓட்டுநருக்கும் இது தெரிந்திருக்கட்டும். பயன்பாட்டிலுள்ள இன்சுலின் பேனாவுக்கு ஃப்ரிட்ஜ் கட்டாயமில்லை. வெயில் படாமல் மண்பானைக் குளிர்ச்சியில் இருந்தால் நான்கு வாரம் தாங்கும்.

நவம்பர் 14 குழந்தைகள் தினம் மட்டுமல்ல. இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பான்டிங் பிறந்த நாள், உலக நீரிழிவு தினமும்கூட. அன்று மிட்டாய் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். கணக்குப் பார்த்து ஊசியோடு அவளும் சாப்பிடலாம்.

சேலையூர்ப் பெண்ணின் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியர்கள் அறையில் ஒரு நாற்காலி, மதியம் ஐந்து நிமிடம். அவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை அவள் அம்மா அதை எடுத்துக்கொண்டு போகிறார்.