பனங்காய்ப் பணியாரம்: மரத்தடியில் கிடக்கும் ஒரு வருமானம்

ஆடி பிறந்தால் வடக்கில் பனங்காய் விழத் தொடங்கும். விடியப்புறம் 'தொப்' என்று கேட்கும் சத்தத்துக்குக் கடகத்தோடு ஓடிய காலம் ஒன்று இருந்தது. இன்று பல வளவுகளில் பனங்காய் விழுந்த இடத்திலேயே மாடு சூப்பியும் வண்டு துளைத்தும் கிடக்கிறது. அதே ஊரின் கடைகளில் பொலித்தீன் பையில் அடைத்த இனிப்புகள் கொழும்பிலிருந்து வந்து விற்பனையாகின்றன. பனங்காய்ப் பணியாரம் தேடுபவர்களோ, எங்கே வாங்கலாம் என்று விசாரித்துத் திரிகிறார்கள்.

கோதுமை இலங்கையில் விளைவதில்லை. மா முழுவதும் இறக்குமதியை நம்பியது. டொலர் தட்டுப்பட்டால் பாணும் பணிசும் கேக்கும் முதலில் விலையேறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டதை நாங்கள் மறக்கவில்லை. 1990இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு அந்த வரிசைகள் புதியவையும் அல்ல. அந்த நாட்களில் சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தோம். பனம்பொருட்களே பல வீடுகளில் இனிப்பாகவும் பசியாற்றியாகவும் இருந்தன. பணியாரத்துக்கும் கொஞ்சம் மா வேண்டும்தான். ஆனால் அதன் சுவையும் மணமும் நிறமும் மரத்தடியில் இலவசமாகக் கிடைப்பவை.

பழத்தைத் தெரிவு செய்தல்

எல்லாப் பனங்காயும் பணியாரத்துக்கு உதவாது. ஒரே வளவில் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றின் களி இனிக்கும், மற்றது காறும். பனங்களியில் உள்ள பிளபெலிஃபெரின் எனப்படும் சப்போனின் வகைச் சேர்மங்களே இந்தக் கசப்புக்குக் காரணம். அவற்றின் அளவு மரத்துக்கு மரம் வேறுபடும். எங்கள் ஆச்சிமாருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனால் எந்த மரத்துக் காய் பணியாரத்துக்கு, எது விதைக்கு என்று துல்லியமாகத் தெரியும். இடப்பெயர்வுகளில் காணியோடு சேர்ந்து தொலைந்த அறிவு இது. மீளக்குடியேறியவர்கள் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். களியைச் சற்று நாக்கில் வைத்துப் பாருங்கள். நல்ல மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக விழுந்த, வண்டு துளைக்காத, புளித்த மணம் வராத பழத்தை அன்றைக்கே எடுத்துக் கழுவ வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் களி புளிக்கத் தொடங்கிவிடும்.

களி எடுத்தலும் காய்ச்சலும்

தலைப்பக்கத்துத் தடித்த இதழ்களை அகற்றி, கறுப்புத் தோலை உரித்து, கொட்டைகளைப் பிரித்தெடுங்கள். மிகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து நன்றாகப் பினையுங்கள். தண்ணீர் கூடினால் களி இளகும். அதை இறுக்க மா கூடுதலாகப் போட வேண்டிவரும். முடிவில் பனங்காய் மணமில்லாத மாவுருண்டைதான் கிடைக்கும். பினைந்த களியைச் சுத்தமான வெள்ளைத் துணியிலோ கண் சிறிய அரிதட்டிலோ வடித்தால் தும்பு நீங்கும்.

இரண்டு கோப்பை களிக்கு ஒரு கோப்பை சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். களி நன்றாக இனித்தால் சீனியை முக்கால் கோப்பையாகக் குறைக்கலாம். இவற்றை அடி தடித்த தாச்சியில் மெல்லிய நெருப்பில் வைத்துக் கிண்டுங்கள். பச்சை மணம் போய், காறல் குறைந்து, களி கரண்டியில் ஒட்டி மெதுவாக வழியும் பதத்துக்கு வர வேண்டும். காய்ச்சும்போது நீர் வற்றுவதால் மாவின் தேவை குறையும். பணியாரம் கெடாமல் இருப்பதற்கும் இதுவே அடிப்படை.

அடுத்ததாகக் களியை முழுவதும் ஆறவிட வேண்டும். அவசரப்படுபவர்கள் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். சூட்டோடு மாவைக் கொட்டினால் மா அரைகுறையாக வெந்து கட்டிபட்டுவிடும்.

குழைத்தலும் பொரித்தலும்

ஆறிய களியில் அரித்த கோதுமை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஏறக்குறைய இரண்டு கோப்பை பிடிக்கும். களியின் இறுக்கத்தைப் பொறுத்து இது மாறும். விரலால் எடுத்துப் போட்டால் உருண்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. கோதுமை மா விலையேறிய நாட்களில் பாதிக்கு வறுத்த அரிசி மா சேர்த்தவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் வெளிப்புறம் சற்று மொறுமொறுப்பாக வரும்.

எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். களியிலும் சீனியிலும் உள்ள இனிப்பு விரைவில் கருகும். எண்ணெய் கொதித்தால் வெளியே கறுத்து உள்ளே மா பச்சையாக இருக்கும். சூடு குறைந்தால் பணியாரம் எண்ணெயைக் குடிக்கும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பொரித்து, பிய்த்துப் பாருங்கள். உருண்டைகள் பாக்களவில் இருந்தால் உள்ளும் புறமும் ஒன்றாக வேகும். கரும்பொன் நிறம் வந்ததும் வடித்தெடுங்கள்.

அன்றைக்கே சாப்பிடுபவர்கள் பொறுமை இல்லாதவர்கள் என்பார்கள். அடுத்த நாள்தான் அதன் மணமும் மென்மையும் கூடும்.

விற்பனைக்குச் செய்பவர்களுக்கு

போருக்குப் பின்னர் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் பலகாரம் செய்தே பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். அவர்களிற் பலர் விலை வைக்கும்போது மா, சீனி, எண்ணெய் மூன்றையும் மட்டும் கணக்கிடுகிறார்கள். விறகு, பை, கடைக்குப் போய்வரும் பேருந்துக் காசு, முக்கியமாகத் தங்கள் உழைப்பு நேரம் என்பன கணக்கில் வருவதில்லை. பனங்காய் இலவசம் என்பதால் பணியாரமும் மலிவாக இருக்க வேண்டும் என்று வாங்குபவரும் நினைக்கிறார். பொறுக்கி, தோலுரித்து, பினைந்து, வடித்து, காய்ச்சிப் பொரிக்க அரை நாள் போகும். அந்த அரை நாளுக்கு ஒரு கூலி போட்டு விலையை எழுதிப் பாருங்கள். உழைப்பைக் கணக்கிடாமல் விற்றுவிட்டு, முதலுக்கு நுண்கடன் எடுத்து, வட்டிக்குள் விழுந்த கதைகள் எங்கள் கிராமங்களில் போதுமானளவு உண்டு.

பணியாரம் முற்றாக ஆறிய பின்னரே பையில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே நீராவி படிந்து பூஞ்சணம் பிடிக்கும். செய்த திகதியை எழுதி ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் விற்றுமுடிக்கும் அளவுக்கே செய்யுங்கள். கறுத்த, பழைய எண்ணெயில் பொரித்தால் பனை மணத்தை அது கெடுக்கும். ஒரு தடவை ஏமாந்தவர் திரும்ப வரமாட்டார்.

பருவம் முடிந்த பிறகும் வருமானம் வேண்டுமென்றால் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டாக்கலாம். கொட்டைகளை எறிய வேண்டாம். பாத்தி போட்டால் தை, மாசியில் கிழங்கு. அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒரே பழத்திலிருந்து ஆடி முதல் மாசி வரை வேலை கிடைக்கும்.

பாத்தியில் விட்டு வந்தவை

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து புறப்பட்டபோது எங்கள் வீட்டுப் பாத்தியில் பனங்கொட்டைகள் முளைவிட்டிருந்தன. திரும்பி வந்தபோது கிழங்கு கிண்டும் காலம் கடந்திருந்தது. அம்மம்மா அதற்காகத்தான் அதிகம் கவலைப்பட்டா. எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த சில மாதங்களுக்கான சாப்பாடு அதற்குள் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணையில் தலை இழந்து நின்றவை வேறு. ஒரு பனை காய்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். அதிலும் பெண்பனை மட்டுமே காய்க்கும். 2009இற்குப் பின்னர் நட்ட வடலிகளிற் சில இப்போதுதான் காய்க்கும் வயதுக்கு வருகின்றன. அவற்றின் முதற்காய்கள் விழும்போது, பொறுக்கி எடுத்து என்ன செய்வதென்று தெரிந்த கைகள் வீட்டில் இருக்க வேண்டும். இந்த ஆடியில் உங்கள் வீட்டில் ஆச்சி இருந்தால், அவரைப் பக்கத்தில் இருத்திப் பிள்ளைகளோடு ஒரு தடவை பினைந்து பாருங்கள்.