பாயைச் சுருட்டுவதா, மடிப்பதா? பழைய டெக்னிக் 'மாடர்ன்' கருவியை ஓரங்கட்டிய கதை

2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கிளம்பிய ஐ.என்.எஸ்.வி தாரிணி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ம் தேதி திரும்பியது. படகில் இருந்தது இரண்டே பேர். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. இருவரில் ஒருவர் தூங்கினால், மற்றவர்தான் எல்லாமே. அந்த நேரம் பார்த்து காற்று ஏறினால்?

பாய்மரப் படகில் பிரேக் கிடையாது. இன்ஜினை ஆஃப் செய்வதுபோல காற்றை ஆஃப் செய்யவும் முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: பாயின் பரப்பைக் குறைப்பது. இதற்குப் பெயர் ரீஃபிங்.

ஏன் குறைக்கணும்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், பாய் மீது விழும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 30 கி.மீ. காற்று 42 கி.மீ. ஆனாலே விசை ஏறத்தாழ டபுள். படகு ஒரு பக்கமாகச் சாயும், சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது, ஏதாவது ஒன்று உடையும். 'ரீஃப் எடுக்கலாமான்னு தோணுச்சுன்னா, அப்பவே எடுத்துடு' என்பது மாலுமிகளிடையே புழங்கும் பழைய பேச்சு. ஆனால் எடுக்கும் வேலை கஷ்டமாக இருந்தால், மனுஷன் தள்ளித்தான் போடுவான். அதனால்தான் 'எந்த சிஸ்டம் நல்லது?' என்ற சண்டை வெறும் டெக்னிக்கல் சண்டை இல்லை.

ஷட்டர் மாதிரி சுற்றலாம்

பாய்மரத்தோடு சேர்ந்து, பாயின் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் கிடைமட்டக் கம்பத்தை பூம் என்பார்கள். ரோலர் ரீஃபிங்கில் இந்த பூமே ஓர் உருளை. பாயைத் தூக்கி நிறுத்தும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பூமின் முன்முனையில் கைப்பிடியை மாட்டிச் சுற்றணும். உள்ளே ஒரு வார்ம் கியர். கியர் வைத்த கடை ஷட்டரைக் கைப்பிடி போட்டுச் சுற்றுவோமே, அதே மாதிரி பாய் பூமைச் சுற்றிச் சுருண்டுவிடும்.

கேட்க சூப்பராக இருக்கிறதா? அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தார்கள். சுருட்டும் யோசனை புதிதும் அல்ல. கப்பல்களின் மேல்பாய்களைத் தளத்தில் நின்றபடியே சுருட்டும் முறைக்கு கன்னிங்ஹாம் என்ற பிரிட்டிஷ்காரர் 1850-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒருவரோ இருவரோ ஓட்டும் பிரிட்டிஷ் படகுகளில் ரோலர் பூம் சாதாரண காட்சி. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் குறைக்கலாம். தொங்கும் கயிறுகளும் குறைவு.

சிக்கல் கடலில் தெரிந்தது. ஜரிகை பார்டர் வைத்த பட்டுப்புடவையை ஒரு உருளையில் சுற்றிப் பாருங்கள். பார்டர் பக்கம் மட்டும் தடித்துக்கொண்டே போகும். பாயின் முன்விளிம்பில் கயிறு வைத்துத் தைத்திருப்பதால் இங்கும் அதே கதை. முன்பக்கம் தடிக்கத் தடிக்க, ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பக்கம் அதிகத் துணி உள்ளே போகும். பின்பக்கம் குறைவாகப் போகும். விளைவு, பூமின் பின்முனை தொங்கும். கீழே உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு ஆபத்து. அதைவிட மோசம், பாய் தொளதொளவென உப்பிக்கொள்ளும். பலத்த காற்றில் தட்டையான பாய்தான் வேண்டும். உப்பிய பாய் படகை இன்னும் சாய்க்கும்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியங்கள் செம. பின்முனையில் மரச்சிராய்களை ஒட்டி பூமைத் தடிமனாக்கினார்கள். சுருட்டும்போதே துண்டையும் பழைய பைகளையும் நடுவில் செருகினார்கள்!

இன்னொரு தலைவலி, சுழலும் கம்பத்தின் நடுவில் எந்தக் கயிற்றையும் கட்ட முடியாது. பூம் மேலே எகிறாமல் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு நடுவில்தான் வரணும். அதற்காக பூமைச் சுற்றி நகம்போன்ற ஒரு வளையத்தை மாட்டினார்கள். அது பாயையே உரசித் தேய்த்தது.

மடிச்சுக் கட்டு

ஸ்லாப் ரீஃபிங்கில் பூம் சுழலாது. பாயில் இரண்டு அல்லது மூன்று உயரங்களில், முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் வலுவான வளையத் துளைகள் இருக்கும். தூக்கும் கயிற்றைத் தளர்த்தி, முன்பக்கத் துளையை பூம் அருகிலுள்ள கொக்கியில் மாட்டி, தூக்கும் கயிற்றை மறுபடி இறுக்கி, பின்பக்கத் துளை வழியாக வரும் கயிற்றை இழுத்தால் முடிந்தது. பழகியவர்களுக்கு ஒரு நிமிட வேலை. அந்தப் பின்கயிறு பாயைக் கீழே மட்டுமல்ல, பின்னோக்கியும் இழுப்பதால் பாய் பலகை மாதிரி தட்டையாக நிற்கும்.

இதில் வேடிக்கை, இரண்டில் பழைய முறை இதுதான். பாயில் வரிசையாகத் தொங்கும் சிறு கயிறுகளைக் கட்டிப் பாயைக் குறைப்பது ரோலருக்கெல்லாம் முப்பாட்டன். பருத்தித் துணிக் காலத்தில் பாரத்தைப் பகிர அத்தனை முடிச்சுகளும் தேவைப்பட்டன. ஆட்டம் கண்ட படகில் ஒவ்வொன்றாகக் கட்டுவது பெரும்பாடு. அதனால்தான் ரோலர் ஜெயித்தது.

1950-களில் டெரிலீன் என்ற பாலியெஸ்டர் துணியில் பாய் வந்ததும் கணக்கு மாறியது. இரு முனைத் துளைகளே மொத்த பாரத்தையும் தாங்கின. நீளாத கயிறுகளும் சின்ன வின்ச்சுகளும் வந்தன. சிறு முடிச்சுகள் இப்போது தொங்கும் துணியை ஒதுக்கி வைக்க மட்டும்தான். பந்தயப் படகுகள் முதலில் திரும்பிப் போயின. 1970-களில் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

ஸ்லாப் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். இரண்டு, மூன்று படிகள்தான். நடுவில் நிறுத்த முடியாது. கயிறு ஒரே இடத்தில் உரசி அறும். சிறு முடிச்சுகளை அவிழ்க்க மறந்து பாயை ஏற்றினால் துணி கிழியும். பெரும்பாலும் பாய்மரம் வரை போக வேண்டியிருக்கும். கயிறுகளைப் பின்னால் கொண்டுவந்தால் உராய்வு கூடி இழுப்பது கனக்கும். ஆனாலும் இருட்டில், தனியாக, கை நடுங்கும்போது எதை நம்புவது என்று கேட்டால், கியரைவிட கொக்கியும் கயிறுமே மேல். கயிறு அறுந்தால் வேறு கயிறு கோக்கலாம். துருப்பிடித்த வார்ம் கியரை நடுக்கடலில் என்ன செய்வது?

சுருட்டும் யோசனை சாகவில்லை. முன்பாயைக் கம்பியைச் சுற்றிச் சுருட்டுவது இன்று சுற்றுலாப் படகுகளில் சர்வசாதாரணம். பெரிய, விலையுயர்ந்த படகுகளில் பூமுக்கு உள்ளேயே உருளையை வைத்து பெரிய பாயைச் சுருட்டுகிறார்கள். அங்கும் பூமின் கோணம் கொஞ்சம் பிசகினால் துணி ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும். அதே பார்டர் பிரச்னைதான்.

பழைய ரோலர் படகைக் குறைந்த விலைக்கு வாங்குபவர்கள் பூமைத் தூக்கி எறிவதில்லை. சுழலாதபடி அதைப் பூட்டி, பக்கவாட்டில் கப்பிகளைத் திருகி, பாய் தைப்பவரிடம் கொடுத்து வளையத் துளைகள் போட்டுக்கொள்கிறார்கள். வார்ம் கியர் பல படகுகளில் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, கைப்பிடி இல்லாமல்.